பாரி சாய்ந்த பக்கம்

தலைமேல் இருப்பதைச் சுமக்கிறவளால் பார்க்க முடியாது, பின்னால் வருகிற அத்தனை பேருக்கும் தெரியும். இதை நினைத்து நினைத்தே சுந்தரவடிவு டீச்சருக்கு உள்ளங்கை வேர்த்தது, வேர்த்ததில் சட்டி வழுக்கியது, வழுக்கினால் தொலைந்தோம் என்று இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முன்னால் உறுமி மேளம். அதற்குப் பின்னால் தெரு அடைக்கப் பெண்கள், ஒவ்வொருத்தி தலையிலும் முளைப்பாரி, முழ நீளத்துக்கு வெளிர் மஞ்சளாக வளர்ந்து நடைக்கு நடை ஆடிக்கொண்டு போகிறது. எல்லார் வீட்டுப் பாரியும் வளர்ந்திருக்கிறது. மளிகைக்கடைக்காரர் பெண்டாட்டி தண்ணீர் தெளிக்கவே மறந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள், அவளுடையதுகூட வளர்ந்திருக்கிறது. தன்னுடையதுதான் இப்படி. காலையில் பாரி வளர்த்த சாமான் அறைக் கதவை அகலத் திறந்து, முதல் தடவையாக வெளிச்சத்தில் சட்டியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு பாதி நெடுநெடுவென்று மஞ்சளாக வளர்ந்து அப்படியே ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது, மறு பாதி சாண் உயரம்கூட இல்லை, குட்டையாய், தடித்து, பச்சை பாய்ந்து. இருட்டில் வளர்த்த பாரிக்குப் பச்சை எப்படி வரும்? காப்புக் கட்டின நாளிலிருந்து ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே விட்டதில்லை. விடியுமுன் குளித்து ஈரச்சேலையோடு போவாள், லைட் போடமாட்டாள், தடவித் தடவித்தான் தண்ணீர் தெளிப்பாள். ஒருபக்கம் உயரம் குறைவாகக் கைக்குத் தட்டுப்பட்டது, இருட்டில் என் கைதான் தடுமாறுகிறது என்று அப்போது தன்னைத்தானே ஏய்த்துக்கொண்டாள். ஜன்னல் இல்லாத அறை, ஒரு பழைய பீரோவும் அரிசி டிரம்மும் தவிர ஒன்றும் இல்லாத அறை, காப்புக் கட்டினவளைத் தவிர யாரும் காலெடுத்து வைக்கக்கூடாது என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவைத்த அறை. வாடாத கதம்பத்தைச் சுற்றிலும் செருகி எப்படியோ மறைத்துத்தான் தூக்கி வந்தாள். பூ மறைக்குமா? பூவுக்கு மேலே ஒன்று கோணலாக நீட்டிக்கொண்டிருப்பதைப் பூ மறைக்குமா?

யாருக்கு? இதுதான் காலையிலிருந்து குடைகிற கேள்வி. பாரி கோணினால் வீட்டில் ஒருவருக்கு ஆகாது என்பார்கள். யாருக்கு ஆகாது என்று பாரி சொல்லாது. அவருக்கா? போன வருசம் மதுரையில் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்துக் கூட்டி வந்த மனுசன், ஆடி பிறந்ததிலிருந்து கோயில் கோயிலாகக் கிடா வெட்டு, வேண்டாம் வேண்டாம் என்றாலும் ஒரு துண்டு, இன்னொரு துண்டு, எலும்பை உறிஞ்சிவிட்டு ஒன்றும் தெரியாத முகத்தோடு மாத்திரையைப் போட்டுக்கொள்வார். இன்று மத்தியானம் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார், மூச்சு வருகிறதா என்று வாசற்படியில் நின்று பார்த்தாள், வந்தது, பிறகும் நின்றாள். இல்லை, விஜயனுக்கா? குவைத்தில் கடல் நடுவே எண்ணெய் எடுக்கிற இடத்தில் கம்பி மேல் ஏறி வேலை பார்க்கிற பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை பேசினான், இருமினான், ஏசிக் குளிர்மா என்றான். ஏசிக் குளிரா? கம்பியில் ஈரம் இருக்கும், செருப்பு வழுக்கும். ஏய், நீ டீச்சர், நீயே இப்படி நினைக்கலாமா என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டாள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருசா வருசம் தாவரவியல் எடுக்கிறவள். அட்டைப்பெட்டிக்குள் பயறு முளைக்கவைத்து, ஒரு பெட்டிக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள், ஒரு பெட்டிக்கு நீலக் கண்ணாடித்தாள் ஒட்டி ஆய்வக மேசையில் வைப்பாள். வாரம் கழித்துத் திறந்தால் சிவப்புப் பெட்டிப் பயறு கெச்சலாக மெலிந்து உயர்ந்திருக்கும், நீலப் பெட்டிப் பயறு குட்டையாகத் தடித்து நிற்கும். பிள்ளைகள் ஓவென்று கத்துவார்கள். தண்டு நீளுவதெல்லாம் செழிப்பு இல்லை பிள்ளைகளா, வெளிச்சம் கிடைக்காத செடி கையிலிருக்கும் சத்தையெல்லாம் தண்டுக்கே போட்டு, எங்கேயாவது வெளிச்சம் இருக்காதா என்று எட்டி எட்டிப் பார்க்கிறது, அது தவிப்பு, என்று சொல்வாள். சொல்லிவிட்டு ஆடி வந்தால் சட்டியை இருட்டறையில் வைத்து, நீளமாக வளரணும் தாயே என்று கும்பிடுவாள். படிப்பு பள்ளிக்கூடத்து வாசலோடு சரி. பயத்துக்கு எந்தப் பாடம் தெரியும்? மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள், தலையில் கனம் இருந்தாலும் அப்படித்தான்.

இடதுபக்கம் அனுசுயா வந்துகொண்டிருந்தாள். வைகாசியில் கல்யாணம் முடித்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பிய மகள், ஆடிக்கு அழைத்து வந்து ஒரு மாசமாக வீட்டில் இருக்கிறாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கையில் செல். ஊர்வலத்தைப் படம் எடுக்கிறாள் போல, செல்லை உயர்த்தி முன்னால் காட்டுகிறாள், பின்னால் காட்டுகிறாள், தன் இரண்டு பக்கமும் யார் வருகிறார்கள் என்று காட்டுகிறாள், பிறகு தன் முகத்துக்கு நேராகக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சாமி கும்பிடுவதையும் படம்தான் பிடிக்கும். நல்லவேளை, இவள் ஒருத்தியைப் பற்றிக் கவலை இல்லை. கண்ணெதிரே இருக்கிறாள், பத்திரமாக இருக்கிறாள், பேங்கில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை, குடி கிடையாது, பீடி கிடையாது, போனில் அத்தை சாப்பிட்டீங்களா என்று கேட்காமல் வைக்கமாட்டார். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் அனுவின் கன்னத்தைத் தொட்டு, அடேயப்பா, கோயம்புத்தூர்த் தண்ணிக்கு என்ன நிறம் வந்துட்ட, ஒல்லியா உசரமாத் தெரியுற, கல்யாணக் களை கட்டிருச்சு என்கிறார்கள். அவள் சிரிக்கிறாள். மத்தியானம் வரை தூங்குகிறாள், கண் இரண்டும் வீங்கியிருக்கிறது, தூங்கித் தூங்கி முகமே உப்பிப்போச்சு பாரு என்று அவள் அப்பாகூடக் கேலி செய்தார். தூங்கட்டும், மாமியார் வீட்டில் எவள் தூங்கவிடுவாள். இன்னும் கொஞ்சம் நாள்தான். ஆடி முடியட்டும், ஆடி முடியட்டும் என்று ஒரு மாசமாக ஊரே பாடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வெள்ளை அடிக்கணுமா, ஆடி முடியட்டும். பீரோ வாங்கணுமா, ஆடி முடியட்டும். புதுமாப்பிள்ளைக்குப் போனில் கிண்டலாக ஆள் ஆளுக்குச் சொல்கிறார்கள், பொறுங்க மாப்பிள்ளை, ஆடி முடியட்டும். இதோ முடியப்போகிறது. நாளைக்கு மாப்பிள்ளை வருகிறார், கூட்டிக்கொண்டு போக. போகிற பிள்ளையை அனுப்புகிற நேரத்தில் பாரி இப்படி ஆகியிருக்கிறதே. பின்னாலிருந்து ராக்கம்மாள் மதினியின் மூச்சிரைப்பு கேட்டது. வீட்டுக்காரருடைய அக்கா. மதினி கண்ணில் ஒன்று தப்பாது. இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் இன்னும் பயமாக இருந்தது.

தெரு திரும்பியது. சாயங்கால வெயில் இப்போது முதுகுக்கு வந்தது, நிழல்கள் எல்லாம் முன்னால் விழுந்தன, தார்ரோட்டில் நீள நீளமாகப் பெண்கள், பெண்கள் தலையில் சட்டிகள். அப்போதுதான் சுந்தரவடிவு தன் தலைமேல் இருப்பதைப் பார்த்தாள். மற்ற நிழல்களில் பாரி விசிறியாக விரிந்து நிமிர்ந்து நின்றது. தன் நிழலில் அது மொத்தமும் இடதுபக்கம் ஒடிந்த மாதிரி, யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சாய்ந்திருந்தது, சாய்ந்த நுனி அனுவின் நிழலில் போய் இடித்தது. அவளுக்குக் கால் பின்னியது. பின்னால் வந்தவள் முட்டிக்கொண்டாள். என்ன டீச்சர், மெதுவா என்றாள் யாரோ. மெதுவாகத்தான் போகிறேன் அம்மா, மெதுவாகத்தான். மதினி அருகே வந்துவிட்டாள். ஏம்மா வடிவு, ஒன் பாரி ஏன் அப்படிப் பாக்குது என்று கேட்டாள், கேட்டுவிட்டு அவளே பதிலும் சொன்னாள், அந்த ரூம்ல அந்த மூலையில ஆத்தா வந்து உக்காந்திருப்பா, அதான் அது அவளையே பாத்திருக்கு. நல்லதுக்கா கெட்டதுக்கா என்று மதினி சொல்லவில்லை, குலவை போட்டுவிட்டு முன்னால் போய்விட்டாள். விடியுமுன் இருட்டில் சுந்தரவடிவு தடவிக்கொண்டு நின்றபோது மூலையில் யாராவது உட்கார்ந்திருந்திருந்தால்? மூச்சு கேட்டதா? ஒரு நாள் கேட்ட மாதிரித்தான் இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், சும்மா இரு. எந்த மூலை? யோசி, சட்டி வாசலைப் பார்த்து எப்படி இருந்தது? சட்டியின் வாயில் சுற்றிக் கட்டின மஞ்சள் கயிற்றின் முடிச்சு கதவுப்பக்கம் இருந்தது, நீதானே அப்படி வைத்தாய். முடிச்சுப் பக்கம் நெட்டையாக வளர்ந்திருந்தது. அதற்கு எதிர்ப்பக்கம், அரிசி டிரம் இருக்கிற மூலையைப் பார்த்த பக்கம்தான் குட்டை. நெட்டையெல்லாம் சாய்ந்திருந்ததும் அந்த மூலைக்குத்தான். கதவிடுக்கில் வெளிச்சம் கசிந்திருக்கும் என்று காலையிலிருந்து ஒரு சமாதானம் வைத்திருந்தாளே, ஹாலில் சாமி படத்துக்கு மேலே எரிகிற சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு, அதன் வெளிச்சம் கதவுக்கு அடியில் ஒரு கோடாக விழும், அந்தச் சமாதானம் இந்த இடத்தில் செத்தது. கதவு ஒரு பக்கம், சாய்ந்தது மறுபக்கம். அதுவும் போக சிவப்புக்குச் செடி வளையாதே. பெட்டியில் ஓட்டை போட்டுச் சிவப்புத்தாளை ஒட்டினால் பயறு நேராக நிற்கும், நீலத்தாளை ஒட்டினால் அந்த ஓட்டையைப் பார்த்துக் குனியும், எத்தனை வருசம் காட்டியிருக்கிறாய். நீலம்தான் தண்டைக் குட்டையாக்கும். நீலம்தான் வளைக்கும். ஜன்னல் இல்லாத மூலையில், அரிசி டிரம்முக்குப் பின்னால், நீலம் கலந்த வெளிச்சம், தரையோடு தரையாக, ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இத்தனை பச்சை பாய்கிற அளவுக்கு, ராத்திரி ராத்திரியாக. ஆத்தாவா? ஆத்தாவிடம் ஏது நீல வெளிச்சம்?

பக்கத்தில் செல் ஒளிர்ந்தது. அனுவின் முகத்தில் அந்த வெளிச்சம் பட்டது, வெயில் முதுகுப்பக்கம் இருந்ததால் நன்றாகத் தெரிந்தது, வெளுத்த கன்னத்தில் ஒரு நீலச்சாயம். அவள் பதறி அதை நெஞ்சுக்கு நேராகத் திருப்பினாள், பிறகு என்ன நினைத்தாளோ மறுபடி உயர்த்தி முன்னால் காட்டினாள், பின்னால் காட்டினாள், இரண்டு பக்கமும் காட்டினாள். படம் எடுக்கிற பிள்ளை இப்படி எடுக்காது. படம் எடுக்கிறவள் சாமியைக் காட்டுவாள், உறுமிக்காரரைக் காட்டுவாள். இவள் தன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதை மட்டும்தான் காட்டிக்கொண்டு வருகிறாள். யாருக்குக் காட்டுகிறாள்? சுந்தரவடிவுக்கு உறுமிச் சத்தம் எங்கோ தூரத்தில் போய்விட்டது. பகல் முழுக்கச் சார்ஜரில் கிடக்கிற செல். ராத்திரி முழுக்க எரிந்தால்தானே பகல் முழுக்கச் சார்ஜ் ஏற்ற வேண்டும். விடியுமுன் தான் எழுந்திருக்கும்போதெல்லாம் ஹாலில் பாயில் சுருண்டு கிடப்பாள், போர்வை தலைவரை, கூப்பிட்டால் அசையமாட்டாள், ஆனால் பாய் சில்லென்று இருக்கும். ஒரு நாள் கையை வைத்துப் பார்த்தோமே, ஆள் படுத்த சூடே இல்லையே, ஒரு நிமிசத்துக்கு முன்னால்தான் வந்து படுத்திருக்கிறாள், அதைக்கூட நான் யோசிக்கவில்லை. தூங்கி வீங்கின கண் என்றோம். தூங்காத கண்ணும் அப்படித்தான் வீங்கும். அழுத கண்ணும் அப்படித்தான். நிறம் வந்துவிட்டது என்றார்கள், ஒல்லியாக உயரமாகத் தெரிகிறாள் என்றார்கள், நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். வெளுத்து நீளுவது செழிப்பு இல்லை என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள், என் பிள்ளை வெளுத்து நிற்கிறதைச் செழிப்பு என்று நினைத்தேன். அவருக்கா, விஜயனுக்கா என்று கட்டிலடியிலும் கடலிலும் தேடிக்கொண்டிருந்தேனே, பாரி தலைமேல் இருந்துகொண்டு வழிபூராவும் இந்தப் பக்கம் பார் இந்தப் பக்கம் பார் என்று இடதுகைப் பக்கம் காட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பயம் தீரவில்லை. இதுவரை ஆள் தெரியாமல் இருந்த பயம், இப்போது ஆள் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். நாளைக்கு மாப்பிள்ளை வருகிறார். அத்தை சாப்பிட்டீங்களா என்று கேட்கிற மாப்பிள்ளை.

ஊருணி வந்தது. கோயிலில் சட்டியை இறக்கிச் சுற்றிவந்து கும்மி கொட்டியதெல்லாம் எப்படி முடிந்தது என்று அவளுக்கு நினைவில்லை, கை தட்டியது, கால் சுற்றியது. கரைக்கிற நேரத்தில் பெண்கள் படிக்கட்டில் முண்டியடித்து இறங்கினார்கள். சுந்தரவடிவு ஓரமாக, கல் பெயர்ந்த கடைசிப் படியில், அனுவை மட்டும் அருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சட்டி இப்போது மடியில் இருந்தது. குட்டைப்பக்கத்துப் பச்சையை விரலால் நீவினாள், அது விறைப்பாக நின்றது. எப்படிக் கேட்பது? ஏன் அழுகிறாய் என்று கேட்டால் இல்லைம்மா என்பாள். மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால் நல்லா இருக்காரும்மா என்பாள், இந்த ஒரு மாசமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். தெரிந்த ஒன்றே ஒன்றைத்தான் கேட்க முடியும்.

"அரிசி டிரம்முக்குப் பின்னாலயா உக்காந்திருந்த?"

எங்கே என்று அனு கேட்கவில்லை. எப்போது என்றும் கேட்கவில்லை. செல்லைச் சேலை மடிப்புக்குள் திணித்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ரூமுக்கு யாரும் வரமாட்டீங்கல்லம்மா. யாரும் இல்லாத ரூமா இருக்கணும்ங்கிறாரு. ராத்திரி பூரா வீடியோ கால்ல செல்லை மூஞ்சிக்கு நேரா வச்சிருக்கணும். அவரு தூங்குனாலும் நான் வைக்கக்கூடாது. முழிச்சுப் பாக்கும்போது நான் கண்ணை மூடியிருந்தா, யாரை நெனச்சுத் தூங்குனன்னு கேப்பாரு."

"அங்க இருக்கும்போது?"

அனு இடதுகை வளையல்களை முழங்கை வரை மேலே தள்ளினாள், பிறகு உடனே கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்த ஒரு நொடிக்குள் பார்க்க வேண்டியதைச் சுந்தரவடிவு பார்த்துவிட்டாள். ஆறிக் கறுத்த பழைய தழும்பு, இங்கே வருவதற்கு முன்னால் வாங்கியது.

"தினம் போனை வைக்கிறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுவாரும்மா. ஆடி முடியட்டும், வா, அப்படின்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாரு."

ஆடி முடியட்டும். தெருவெல்லாம் கேட்ட வார்த்தை, தானும் ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. இந்தப் பிள்ளை காதில் ஒவ்வொரு தடவையும் அது எப்படி விழுந்திருக்கும்? அனு சட்டியைத் தொட்டாள், குட்டைப்பக்கம் அல்ல, சாய்ந்த பக்கத்தை, நிமிர்த்திவிடப் பார்த்தாள், அது நிமிரவில்லை. அப்போதுதான் அவள் அழுதாள். பாரியைக் கெடுத்துட்டேன்லம்மா, அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல, காலையில நீ கதவைத் திறந்ததும் எனக்கு உசிரே போயிருச்சு, என்று விக்கி விக்கிக் கேட்டாள். தாயும் மகளும் ஒரே சட்டியைப் பார்த்து ஒரே மனுசனை நினைத்துக் காலையிலிருந்து தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

"நீ கெடுக்கல. இருட்டுக்குள்ள ஒரு பிள்ள முழிச்சுக்கிட்டு இருக்கேன்னு அது திரும்பிப் பாத்துருக்கு. வீட்ல நாங்க இத்தன பேரு இருந்து ஒருத்தரும் பாக்கல."

சட்டியைத் தண்ணீருக்குள் இறக்கினாள். மண் கரைந்தது, வேர்கள் விட்டுக்கொடுத்தன, நெட்டையும் குட்டையும் ஒன்றாக மிதந்து மற்றவர்களுடைய பாரியோடு கலந்து போயின. இப்போது எது யாருடையது என்று யாரும் சொல்ல முடியாது. பிறகு கையை நீட்டினாள். அனு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், செல்லை எடுத்துக் கொடுத்தாள். சுந்தரவடிவு அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். செருகின மாத்திரத்தில் அது அதிர ஆரம்பித்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. வயிற்றோடு ஒட்டி ஒருவன் கோபப்படுவது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயமாக இருந்தது. நாளைக்கு அவன் வாசலில் வந்து நிற்பதும், தெரு கூடுவதும், அனுவின் அப்பா நெஞ்சைப் பிடிப்பதும், பொறுத்துப் போகக்கூடாதா என்று நாலு பேர் சொல்வதும் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து போயின. போனை அவள் எடுக்கவில்லை.

படியேறும்போது மதினி மேலே நின்று ஈரச்சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். என்ன வடிவு, மாப்பிள்ளை நாளைக்கு எத்தன மணிக்கு வாராரு, நான் வந்து கோழி அடிச்சுக் கொடுக்கவா என்று கேட்டாள்.

"வரவேண்டாம்னு சொல்லப்போறேன் மதினி. எங்க வீட்ல இந்த வருசம் ஆடி முடியல."

மதினி பிழிவதை நிறுத்தினாள். அனுவைப் பார்த்தாள், பிறகு பிழிந்த சேலையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சரி, ராத்திரி நான் ஒங்க வீட்லயே படுத்துக்கிறேன் என்றாள். சுந்தரவடிவு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேரலாம் என்று நடந்தாள்.